படித்துக் காட்டப்பட்டது

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் அகதி முகாமுக்குப் போய் வாக்குமூலம் எழுதப்போகிறீர்கள். எப்படி உட்கார வேண்டும், எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும், பேசுகிறவர் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பு மட்டும் அதில் இல்லை. 'உங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று நாசூக்காகச் சொல்லி என்னை இங்கே கூப்பிட்டார்கள். தப்பைச் சொல்லுங்கள் என்று நேராகவே கேட்டிருக்கலாம், கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். எந்தெந்தக் கோர்ட் என்பது இங்கே வேண்டாம். ஊர் விக்கிரமங்கலம். அம்மாவும் அப்பாவும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். அரியலூரில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துத்தான் நான் அந்த வயலிலிருந்து வெளியே வந்தேன். அதனால் என் கையெழுத்து மேலும் கைவேகம் மேலும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நீங்கள் எல்லாரும் லேப்டாப்பில் தட்டுகிறவர்கள், உங்களுக்கு அது புரியாது.

கோர்ட்டில் சாட்சி பேசுவதெல்லாம் அப்படியே தாளில் ஏறாது. சாட்சி பத்து வாக்கியம் பேசுவார். நீதிபதி அதில் வழக்குக்கு வேண்டிய மூன்றை எடுத்துச் சொல்லுவார். நாங்கள் அதைத்தான் அடிப்போம். நான் நெடுநாள் வேலை பார்த்த ஒரு நீதிபதிக்கு ஒரு பழக்கம். வேண்டாத பேச்சு வந்தால் மேஜையிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். என் கை நின்றுவிடும். விரல் இறங்கினால் கை மறுபடி ஓடும். கடைசியில் தாளின் அடியில் ஒரு வரி வரும்: 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.' அதற்குக் கீழே சாட்சி கையெழுத்துப் போடுவார். அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ தெரியாது. உண்மையிலேயே படித்துக் காட்டியது அதில் பாதிகூட இருக்காது. சாட்சிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள், கரண்ட் போய்விடும். வரி மட்டும் தானாக விழுந்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு நம் குழுவின் வக்கீல் வந்து கூப்பிட்டார். உடையார்பாளையம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பெரம்பலூருக்குப் பக்கத்து முகாமில் இருக்கிற இலங்கைப் பெண்கள் சிலர், போரின் கடைசி நாட்களில் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல முன்வந்திருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டில் போய்க் குடியேறிய ஒரு ராணுவ அதிகாரி மேல் அங்கே வழக்கு நடக்கிறது. அதற்கு இந்த வாக்குமூலங்கள் வேண்டும். எழுத ஒரு பெண் வேண்டும், கைவேகம் வேண்டும். நான் உடனே சரி என்றேன். ஒன்பது பேரிடம் எழுதினேன்.

அதில் ஒருவரைத் தவமணி என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை.

நான் போன அன்று தவமணி வாசலில் சாக்கை விரித்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மண்டியிலிருந்து மூட்டையாக வாங்கி வந்து கூலிக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. என்னை உள்ளே உட்காரவைத்து, சாக்கையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். "கை சும்மா இருந்தால் எனக்குக் கதை வராது, ரைப் அம்மா. நீங்கள் எழுதுங்கோ, நான் உரிக்கிறன்" என்றார். டைப் என்பதை அவர்கள் ரைப் என்பார்கள். முகாமில் எனக்கு அந்தப் பெயர்தான்.

மூன்று மணி நேரம் பேசினார். செல் என்கிற பீரங்கிக் குண்டு விழுந்தது, பதுங்கு குழி, பசி, இடம்விட்டு இடம் ஓடியது எல்லாம் சொன்னார். கை ஒரே வேகத்தில் உரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் களப்பு என்று அவர்கள் சொல்லுகிற காயலைக் கடந்து ராணுவத்தின் பக்கம் போன கதைக்கு வந்தார். இடுப்பளவு தண்ணீர். முன்னால் தங்கை. நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு தவமணி. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் கணவர். அங்கே கை நின்றது.

"வெடி முன்னாலயிருந்து வரேல்லை. பின்னாலயிருந்துதான் வந்தது. எங்கட பொடியள்தான் சுட்டவை. சனம் போகக்கூடாது எண்டு. இவருக்கு முதுகில பட்டது. சுட்டதில ஒருத்தனை எனக்குத் தெரியும், எங்கட ஊர்ப் பொடியன், எங்கட வீட்டில சாப்பிட்டவன்."

தங்கள் பக்கத்தில் ஆயுதம் ஏந்திய பிள்ளைகளை அவர்கள் பொடியள் என்பார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதையும் எழுதுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அதிகாரி கதை. கரை ஏறிய இடத்தில் வரிசையில் நிற்கவைத்தார்கள். அந்த அதிகாரி வரிசையோடு நடந்து வந்து தங்கையின் தோளைத் தொட்டு வெளியே நிற்கச் சொன்னான். பிறகு, மகளைப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கொடுக்கவைத்து, தவமணியையும். பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை அவர் சொன்னார், நான் எழுதினேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல அவரிடம் நான் அனுமதி வாங்கவில்லை. மூன்றாம் நாள் தவமணியை வெளியே விட்டார்கள். தங்கையை விடவில்லை. இன்றுவரை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. "அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவன் வாயால சொல்லோணும். அதுக்குத்தான் நான் இவ்வளவையும் உங்களுக்குச் சொல்லுறன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சுருக்கெழுத்து நோட்டை விரித்து வைத்து அடிக்க உட்கார்ந்தேன். களப்பு வந்த இடத்தில் என் கை நின்றது. விரல் தூக்க அங்கே எந்த நீதிபதியும் இல்லை. பென்சிலை எடுத்து அந்த ஐந்தாறு வரிகளின் மேல் ஒரு கோடு போட்டேன். 'களப்பைக் கடக்கும்போது என் கணவர் குண்டடிபட்டு இறந்தார்' என்று மட்டும் அடித்துவிட்டு மேலே போனேன். அதற்கு முந்தின பத்தி முழுக்க ராணுவம் செல் அடித்த கதை. படிக்கிற யாரும் அவரைக் கொன்றது ராணுவம் என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நன்றாகவே இருந்தன. வழக்கு அந்த அதிகாரி மேல், கணவர் செத்தது வேறு விஷயம், எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். எல்லாம் கோர்ட்டில் பழகினவள் சொல்லுகிற காரணம்தான். ஆனால் உண்மை அதுவல்ல. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் போர் நடந்தபோது டிவி முன்னால் உட்கார்ந்து அழுதவள் நான். அரியலூரில் மனிதச் சங்கிலியில் வெயிலில் நின்றவள். என் மனதில் இருந்த கதையில் கொலைகாரன் ஒரு பக்கம்தான் இருந்தான். தவமணி இன்னொரு பக்கமும் காட்டினார். நான் அதை என் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கதை என்று அப்போது நினைக்கவில்லை.

கையெழுத்து வாங்க மறுவாரம் போனேன். அடியில் அந்த வரியையும் பழக்கப்படி அடித்தே கொண்டுபோயிருந்தேன். நான் போய் உட்காரவும் முகாமுக்குத் தண்ணீர் லாரி வரவும் சரியாக இருந்தது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். தவமணியும் இடுப்பில் குடத்தோடு நின்றபடியே தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நீங்கள் எழுதினால் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடினார். லாரி வந்தது அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எதற்காக என்று அப்போதே எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து அந்த நாட்டு நீதிபதி வீடியோவில் தவமணியை விசாரித்தார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையை அதற்காக ஏற்பாடு செய்திருந்தோம். திரையில் நீதிபதி, இரண்டு பக்கத்து வக்கீல்கள், மொழிபெயர்க்கிற ஒரு பெண். எழுதியவள் என்ற முறையில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பையில் அந்த சுருக்கெழுத்து நோட்டு இருந்தது. நோட்டைத் தூக்கிப் போடாமல் கூடவே வைத்துக்கொள்வது என் பழைய பழக்கம். அதில் போட்ட பென்சில் கோடு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாத மனிதர். உங்கள் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். தவமணி என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார்.

அவர் தாளைப் புரட்டினார். "இது உங்கள் வாக்குமூலத்தில் இல்லையே. படித்துக் காட்டப்பட்டது, சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். கணவர் செத்த கதையையே மாற்றிச் சொல்கிறவர், அதிகாரியின் முகத்தை மட்டும் எப்படிச் சரியாக ஞாபகம் வைத்திருக்க முடியும்?"

மொழிபெயர்த்தது காதில் விழுந்ததும் தவமணி திரைப் பக்கம் குனிந்தார். பிறகு, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. சந்தையில் நாம் ஒன்று சொல்லிவிட்டுக் கூட வந்தவரைப் பார்த்து, 'நீங்களே சொல்லுங்க' என்று பார்ப்போமே, அப்படித்தான் பார்த்தார். நீதிபதி அரை மணி நேரம் இடைவேளை விட்டார்.

வக்கீல் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, அன்னிக்கி சொல்ல வரல, இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னு அவங்கள சொல்லச் சொல்லிடலாங்க. அவ்வளவு கஷ்டத்துல இருந்த மனுஷி, மறந்துட்டாங்கன்னா எந்த ஜட்ஜும் ஒத்துக்குவாரு."

"அவங்க மறக்கல தம்பி. அன்னிக்கே சொன்னாங்க. நாந்தான் விட்டுட்டேன்."

அவர் முகம் மாறியது. "வேணும்னேவா?"

"வேணும்னேதான். நோட்டுல இருக்கு. நோட்டு பையில இருக்கு."

அவர் அறைக் கதவை எட்டிச் சாத்திவிட்டு வந்தார். பிறகு சொன்னார். "நீங்க அதக் காட்டுனா இவங்க தப்பிச்சுக்குவாங்க. ஆனா இன்னும் எட்டுப் பேரு வாக்குமூலம் உங்க கையால எழுதுனது. எல்லாத்தையும் சந்தேகம்னு ஓரமா வச்சுடுவாங்க. இவங்க ஒருத்தருக்காக எட்டுப் பேர விட்டுட்டா, அப்புறம் கேஸே நிக்குமான்னு எனக்குத் தெரியல. வேணாம்னு நான் சொல்லலங்க. யோசிச்சுக்குங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எட்டுப் பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். யார் வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதினேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. ஒரு பொய்யைத் தவமணி வாயால் சொல்லவைத்தால் அத்தனை பேரும் காப்பாற்றப்படலாம். அப்படித்தான் அந்தப் படிக்கட்டில் எனக்குப் பட்டது. என் பெயரும் காப்பாற்றப்படும் என்பதும் அதில் இருந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

உள்ளே வந்தேன். தவமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், "நான் பொய் சொல்லேல்லை எண்டு அவைக்கு நீங்கள் சொல்லுவியளோ, ரைப் அம்மா? நான் சொன்னால் நம்பமாட்டினம். நீங்கள் எழுதினனீங்கள், நீங்கள் சொன்னால் நம்புவினம்" என்றார்.

நான்தான் விட்டேன் என்று அவருக்கு அப்போது தெரியாது. எங்கேயோ வெளிநாட்டில் தாள் கைமாறியதில் தொலைந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்ததும் நான் எழுந்து திரை முன்னால் போய் நின்றேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கோடு போட்ட வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 'எங்கட பொடியள்தான் சுட்டவை' என்பதைப் படித்தேன். 'இதையும் எழுதுங்கோ' என்பதையும் படித்தேன். அதுகூட நோட்டில் இருந்தது, சுருக்கெழுத்துக் கைக்கு எதையும் விடத் தெரியாது.

ஏன் விட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். அந்த விரல் கதையைச் சொன்னால் அவருக்கும் புரிந்திருக்கும். "வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன்" என்றேன். படித்துக் காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஏன் அந்த வரி என்றார். அதை வீட்டிலேயே அடித்துக் கொண்டுபோனேன் என்றேன். மற்ற வாக்குமூலங்களிலும் ஏதாவது விட்டிருக்கிறீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் தவமணி உட்கார்ந்திருந்தார். அத்தனை நேரத்தில் நான் பயந்தது திரையில் இருந்தவர்களுக்கு இல்லை.

நீதிபதி தவமணியின் சாட்சியை மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டார். தங்கையை வரிசையிலிருந்து எடுத்தது, அந்தக் கட்டடம், அதிகாரியின் முகம் எல்லாம் முழுசாகப் பதிவாயிற்று. மற்ற எட்டையும், ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டி, திருத்தி, நோட்டின் நகலோடு திரும்ப அனுப்பும்வரை ஓரமாக வைக்கச் சொன்னார். வக்கீல் பயந்தது போலவே வழக்கு பல மாதம் தள்ளிப்போயிற்று. முகாமில் இரண்டு பேர் என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். அதில் ஒருவர் இனிமேல் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் வாக்குமூலம் போனது போனதுதான். அது என் கணக்கில்தான் சேரும்.

மற்ற ஏழு பேருக்கும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இன்னொரு இடத்திலும் விட்டிருந்தேன். அது போதாதென்று ஒரு இடத்தில் சேர்த்தும் இருந்தேன். ஒரு அம்மா குறுக்கே கையைக் காட்டி நிறுத்தினார். "நான் கதறி அழுதன் எண்டு போட்டிருக்கிறியள். நான் அழேல்லை. அழுதால் மற்றப் பிள்ளையையும் கொண்டுபோயிடுவினம் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். அதைப் போடுங்கோ." மகனை இழுத்துக்கொண்டு போகும்போது எந்தத் தாயும் கதறுவாள் என்று என் கை முடிவு செய்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

தவமணியைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். காரணம் வேறொன்றும் இல்லை, பயம்தான். விசாரணை முடிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. திருத்திய வாக்குமூலத்தை அடித்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அடியில் அந்த ஒரு வரி இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். நீங்களும் அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள். படித்து முடித்த பிறகு, பேனாவால், அவர் கண் முன்னால் எழுதுங்கள்.

வீட்டில் மகளும் இருந்தாள். களப்பில் தவமணி தூக்கிக்கொண்டு வந்த அதே குழந்தை. இப்போது ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். பேச்செல்லாம் நம்ம ஊர்ப் பேச்சு. அவள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். தவமணி, "நீ இரு பிள்ளை. நீயும் கேள்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்ட வாயால சொல்ல ஏலாது. வாக்குமூலத்தில எழுதினால், எண்டைக்காவது ஒருநாள் வாசிப்பாள் எண்டு நினைச்சன். விசாரணை முடிஞ்ச பிறகு, நீங்கள் முதல் தந்த பிரதியை எடுத்து வாசிச்சவள்தான். வாசிச்சுப்போட்டு, அப்பாவை ஆமி சுட்டது எண்டு காலேஜில பேசிப்போட்டு வந்தவள். நான் என்னெண்டு சொல்லுறது? கடுதாசியில அப்பிடித்தானே கிடக்குது."

நான் விட்டது ஒரு வழக்குக்கு வேண்டாத ஐந்தாறு வரி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் ஒப்புக்கொண்டபோதுகூட அப்படித்தான். அந்த வரிகளை அவர் எந்த நீதிபதிக்காகவும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்காகச் சொன்னார், என் கையை நம்பிச் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வாசியுங்கோ" என்றார்.

வாசித்தேன். முதல் வரியிலிருந்து ஒரு சொல் விடாமல் வாசித்தேன். களப்பு வந்த இடத்திலும் நிறுத்தவில்லை. மகள் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். தங்கை கதையும் முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். தவமணி மகளிடம், "விளங்கினதோ?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பேனாவை எடுத்து அந்த வெறும் இடத்தில் எழுதினேன்: படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. தவமணி தாளை வாங்கி, தான் ஒருமுறை பார்த்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "அப்பாவ எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?"

தவமணி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். பதில் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடமும் சொல்லாதது, அந்த நீதிபதியிடமும் சொல்லாதது. என் கை தானாகப் பையிலிருந்த நோட்டுக்குப் போயிற்று.

அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை எழுத வேண்டாம், ரைப் அம்மா."

பேனாவை மூடினேன். தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.